கோழி அடைக்கு உக்காந்துருச்சா? மூணு நாளுக்குள்ள முடிவெடுங்க

மத்தியானம் சோறு வடிச்சுட்டு குருணைச் சட்டியை தட்டினா எல்லாம் ஓடி வந்துருச்சு, புள்ளி மட்டும் வரல. தீனின்னா முதல் ஆளா சட்டிக்குள்ளயே ஏறி நிக்கிற கோழி அது. போய் பாத்தா கூண்டு மூலையில முட்டைக் கூடைக்குள்ள உக்காந்திருக்கு, சரி முட்டை போடப்போகுது போலன்னு விட்டுட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு போய் பாத்தா அதே எடம், அதே மூஞ்சி. கைய நீட்டினதும் கழுத்து மயிரை சிலுப்பிக்கிட்டு தொண்டைக்குள்ள ஒரு உறுமல், அப்புறம் நறுக்குனு ஒரு கொத்து. அடைக்கு, அதான் முட்டைய அணைச்சு குஞ்சு பொரிக்க, உக்காந்துருச்சோன்னு சந்தேகம் வந்துருச்சு.

நாங்க இருக்கிறது தன்லின்ல, பழைய ஆளுங்க இன்னும் சிரியம்னுதான் சொல்லுவாங்க, ரங்கூன்ல இருந்து ஆத்துப் பாலம் தாண்டினா வந்துரும். வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் எடம், அதுல ஒம்பது கோழி ஒரு சேவல். நாட்டுக்கோழிதான் நிறைய, மூணு மட்டும் பண்ணைல இருந்து வாங்கின பழுப்புக் கோழி. வீட்டுக்கு போக மிச்ச முட்டை தெருமுனை டீக்கடைக்கு போகும். பெரிய பண்ணை எல்லாம் ஒண்ணும் கெடையாது. ஆனா அடைக்கோழி விஷயத்துல நான் பண்ணாத தப்பு இல்ல, அதுலயும் ஒண்ணு இன்னும் மனசுல கெடக்குது, அதை முதல்ல சொல்லிடறேன்.

எங்ககிட்ட செவலைன்னு ஒரு கோழி இருந்துச்சு. அப்ப சேவல் கெடையாது, இருந்த சேவலை நரியோ மரநாயோ எதுவோ தூக்கிட்டு போயிருச்சு. மாசி கடைசியில செவலை அடைக்கு உக்காந்துச்சு. கீழ முட்டை கூட கெடையாது, வெறும் வைக்கோல். சேவல் இல்லாததால குஞ்சு பொரிக்கிற முட்டை வீட்ல இல்ல, வெளியில வாங்கி வைக்கவும் சோம்பேறித்தனம், எழுப்பி விடலாம்னா பாவமா இருந்துச்சு. அதுவே எந்திரிச்சுக்கும், குஞ்சு பொரிக்கிற கணக்கு 21 நாள், அது ஆனா தெளிஞ்சுரும்னு எங்க வீட்டுக்காரர் சொன்னார், நானும் நம்பினேன். அது எந்திரிக்கவே இல்ல. குஞ்சு சத்தம் கேட்டா ஒழிய சில கோழிக்கு கணக்கு முடியாதுன்னு எனக்கு அப்ப தெரியாது. அஞ்சு வாரம் உக்காந்திருக்கும். கையில தூக்கினா காத்து மாதிரி இருக்கு, நெஞ்செலும்பு கத்தி மாதிரி குத்துது, இறக்கைக்கு அடியில பாத்தா செல்லுப் பூச்சி அப்படியே மணல் கொட்டினாப்ல ஊருது. அதுக்குள்ள ஏப்ரல் வெயில் வந்துருச்சு, இங்க திஞ்ஜானுக்கு, அதான் பர்மாக்காரங்க புத்தாண்டு தண்ணித் திருவிழாவுக்கு, முன்னாடி வெயில் எப்படி இருக்கும்னு இருந்தவங்களுக்குத்தான் தெரியும். ஊரே தண்ணி ஊத்தி விளையாட தயாராகுது, எங்க செவலை கூடைக்குள்ள தண்ணி இல்லாம செத்துக் கெடந்துச்சு. தண்ணி ரெண்டு எட்டு தள்ளித்தான் இருந்துச்சு, ஆனா எந்திரிச்சு போய் குடிக்கல.

அதனால இப்ப நான் யாரு கேட்டாலும் ஒண்ணுதான் சொல்றது, மூணு நாளுக்குள்ள முடிவு பண்ணிருங்க. முட்டை வைக்கப்போறீங்களா, இல்ல அடைய மறக்கடிச்சு தெளிய வைக்கப்போறீங்களா. பாக்கலாம் பாக்கலாம்னு இழுத்தா கோழிதான் போகும்.

சரி, அடைதானா இல்ல வேற ஏதாவதான்னு எப்படி கண்டுபிடிக்கிறது. முட்டை போடற கோழி கூடையில அரை மணி நேரம் ஒரு மணி நேரம் உக்காரும், சில வெடைக்கோழி முதல் தடவை ரெண்டு மூணு மணி நேரம் கூட இழுக்கும், போட்டுட்டு கொக்கரிச்சுக்கிட்டு ஓடிரும். அடைக்கோழி போட்ட பிறகும் போகாது. தோசை மாதிரி பரந்து தட்டையா உக்காந்திருக்கும், கண்ணு எங்கயோ பாத்துக்கிட்டு இருக்கும், கிட்டப் போனா மயிரு எல்லாம் நிமிந்து ரெண்டு மடங்கா ஆயிரும். தூக்கி வெளிய விட்டா கொஞ்ச நேரம் இறங்கின எடத்துலயே அப்படியே பரந்து உக்காந்திருக்கும், யாரோ சாவி குடுக்க மறந்த பொம்மை மாதிரி, அப்புறம் திடீர்னு முழிப்பு வந்து கொக் கொக் கொக்னு ஒரு மாதிரி சத்தம் போட்டுக்கிட்டே நேரா கூடைக்கு திரும்பும். அந்த சத்தம் குஞ்சை கூப்பிடற சத்தம், ஒரு தடவை கேட்டுட்டா மறக்காது.

அப்புறம் எச்சம். நாத்தம்னா நாத்தம் அப்படி ஒரு நாத்தம். நாள் பூரா அடக்கி வச்சு ஒரே தடவையில போடும், கோழிமுட்டை சைசுக்கு இருக்கும், முதல் தடவை பாத்தப்ப ஏதோ சீக்குன்னு பயந்துட்டேன். கூடைக்குள்ள அசிங்கம் பண்ணக்கூடாதுன்னு அதுக்கு தெரியும், அதான் அடக்கிக்குது. வயித்துக்கு கீழ கை வச்சா மயிரு இல்லாம வெறும் தோலா கொதிக்கும். எங்க அத்தை, அதான் மாமியார், இதுக்கு காய்ச்சல்னு சொல்லி மிளகுக் கஷாயம் குடுக்கப் பாத்தாங்க. காய்ச்சல் இல்ல, முட்டையில சூடு படணும்னுதான் நெஞ்சு வயித்துப் பக்கம் மயிரு உதிந்துரும், தானும் பிடுங்கி கூடையில மெத்தை போட்டுக்கும். கொண்டையும் சிவப்பு கொறஞ்சு வெளிறி போகும்.

நிஜமாவே சீக்கு கோழின்னா இப்படி சண்டைக்கு வராது. வாலைத் தொங்கப்போட்டு கண்ணை மூடிக்கிட்டு எங்க வேணா நிக்கும், தூக்கினா எதிர்ப்பு இருக்காது. முட்டை மாட்டிக்கிட்ட கோழின்னா முக்கும், நிமிந்து நிமிந்து நடக்கும், அது வேற கதை, அதுக்கு உடனே பாக்கணும்.

ஆனா இத்தனையும் பாக்க நேரம் இல்லன்னா ஒரே ஒரு சோதனை போதும், ராத்திரி போய் பாருங்க. இருட்டினதும் எல்லா கோழியும் கம்புல ஏறிரும். கூடையிலயே தங்கிருச்சுன்னா அடைதான். ரெண்டு ராத்திரி தங்கினா சந்தேகமே வேணாம்.

ஏன் வருதுன்னு கேட்டா, தலைக்குள்ள இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில இருந்து புரோலாக்டின்னு ஒரு ஹார்மோன் சுரக்குது. பொம்பளைங்களுக்கு தாய்ப்பால் சுரக்க வைக்கிறதும் அதே பேரு உள்ளதுதான். நான் இதைப் படிச்சப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு, என்னமோ நம்ம வீட்டு மருமக மாதிரி அதைப் பாக்க ஆரம்பிச்சேன். பகல் நீளமாகறது, கண்ணு முன்னாடி முட்டை சேந்து கெடக்கிறது, வயித்துத் தோல்ல முட்டை படறது, எல்லாம் சேந்து அதை ஏத்தி விடும். ஏறிட்டா முட்டை போடறது நின்னு போகும். அதான் தினமும் முட்டைய எடுத்துருங்கன்னு சொல்றது, பத்து முட்டை குவிஞ்சு கெடந்தா கோழிக்கு ஆசை வராம என்ன செய்யும்.

பழுப்புக் கோழி மூணும் வந்து மூணு வருஷம் ஆகுது, ஒரு நாள் கூட அடைக்கு உக்காந்ததில்ல. லெகார்ன் மாதிரி முட்டைக் கோழிகளையும் இந்த பண்ணைக் கலப்புகளையும் தலைமுறை தலைமுறையா உக்காராததா பாத்து பொறுக்கி எடுத்துட்டாங்க, அதான் வருஷத்துக்கு 300 முட்டை போடுது, தாய்மைய மறந்துருச்சு. நாட்டுக்கோழி அப்படி இல்ல, பத்து பன்னெண்டு போடும், உக்காந்துரும். அதுலயும் நம்ம ஊரு கோழிய சொல்லவே வேணாம், காட்டுல இருந்து வந்து ரொம்ப தூரம் போகல. 2020ல 863 பறவைங்களோட மரபணுவை வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, உலகத்துல இருக்கிற வீட்டுக் கோழி எல்லாத்துக்கும் மூலம் ஸ்படிசியஸ்ங்கிற ஒரு வகை செங்காட்டுக்கோழி, அது திரியற எடம் தென்மேற்கு சீனா, வட தாய்லாந்து, அப்புறம் நம்ம பர்மா. காட்டுல முட்டை போட்டுட்டு உக்காரலன்னா வம்சம் ஏது. பக்கத்து வீட்டு பர்மாக்கார அக்கா இதைக் கேட்டுட்டு, கோழி எங்க ஊருதான்னு எனக்கு எப்பவோ தெரியும்னு சொல்லிட்டு போயிருச்சு.

இப்ப தெளிய வைக்கிற கதை.

எங்க அப்பத்தா ராமநாதபுரம் பக்கத்துல இருந்து சின்னப் புள்ளையா கப்பல்ல வந்தவங்க, கோழி வளக்கிற அறிவையும் மூட்டையோட கட்டிட்டு வந்துட்டாங்க. அடைக்கோழியப் பிடிச்சு அதோட இறகு ஒண்ணையே பிடுங்கி மூக்குத் துவாரத்துல இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் விட்டுருவாங்க. கோழி அந்த இறகை தட்டி விடறதுலயே நாள் பூரா திரியும், உக்கார நெனப்பு போயிரும்னு கணக்கு. இல்லன்னா வாளித் தண்ணியில நாலு முக்கு. சின்ன வயசுல அதைப் பாத்து சிரிச்சிருக்கேன், இப்ப நெனச்சா கூசுது. வேலை செய்யாதுன்னு சொல்லமாட்டேன், வயிறு குளுந்தா அடை கொறையும், அதுல விஷயம் இருக்கு. ஆனா இங்க மே மாசம் பிடிச்ச மழை அக்டோபர் வரைக்கும் விடாது, அந்த ஈரத்துல கோழிய முக்கி எடுத்தா எப்ப காயும்? சளி பிடிச்சு அதுவேற செலவு. மூக்குல குத்தறது வேணவே வேணாம்.

நான் பண்றது இதுதான். மூங்கில் பட்டை அடிச்ச ஒரு கூண்டு, அடிப்பக்கமும் பட்டைதான், ரெண்டு பட்டைக்கு நடுவுல விரல் நொழையற இடைவெளி, ரொம்ப அகலம்னா காலு மாட்டிக்கும். அதை நாலு செங்கல் மேல தூக்கி வச்சுருவேன், கீழ காத்து போகணும். வைக்கோல் கெடையாது, சாக்கு கெடையாது, மெத்தைனு நெனைக்க ஒண்ணும் இருக்கக்கூடாது. நிழல்ல, மத்த கோழிங்க கண்ணுல படற எடமா வைக்கணும், தீனி தண்ணி எப்பவும் இருக்கணும். இது தண்டனை இல்ல, பட்டினி போட்டா தெளியும்னு சிலபேர் சொல்வாங்க, ஏற்கனவே சாப்பிடாம மெலிஞ்ச கோழிய இன்னும் பட்டினி போடறது என்ன நியாயம். கம்பி அடிச்ச கூண்டு இருந்தாலும் சரிதான், அடியில காத்து வரணும் அவ்ளோதான், வயிறு குளுந்து போனா உள்ள சுரக்கிறது தானா எறங்கும்.

மூணு நாள் ராத்திரி பகல் அதுலயே. நாலாம் நாள் காலையில தொறந்து விட்டு ஒளிஞ்சு நின்னு பாப்பேன். மண்ணைக் கிளறப் போனா தெளிஞ்சுருச்சு. நேரா கூடைக்கு ஓடினா மறுபடி ரெண்டு நாள். முதல் நாளே பிடிச்சு போட்டா சில கோழி ரெண்டு நாள்லயே சரியாயிருது, ரெண்டு வாரம் உக்காந்ததுன்னா இழுக்கும். தெளிஞ்ச உடனே முட்டை எதிர்பாக்காதீங்க, எங்க வீட்ல பத்து நாள்லயும் வந்திருக்கு, மூணு வாரமும் ஆயிருக்கு. கூண்டுல போடறதுக்கு முன்னாடி இறக்கைக்கு அடியில, ஆசனவாய் பக்கம் எல்லாம் செல்லு இருக்கான்னு பாருங்க. உக்காந்த கோழி மண்ணுல பொரண்டு குளிக்காது, அதான் பூச்சி ஏறுது. மழைக்காலத்துல மண்ணே சகதியாத்தான் கெடக்கும், அதனால நான் அடுப்புச் சாம்பலை காய வச்சு ஒரு பெட்டியில கொட்டி மறைவா வச்சுருக்கேன், எல்லாம் அதுல போய்த்தான் பொரளுது. கூடைக்கு அடியில வேப்பிலை, இங்க தமான்னு சொல்லுவாங்க, காய்ஞ்சதா ஒரு கைப்பிடி போடுவேன்.

முட்டை வைக்கிறதா முடிவு பண்ணிட்டா அது ஒரு சந்தோஷம். கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாத ஊர்ல இன்குபேட்டர் வாங்கி என்ன பண்றது, அடைக்கோழிக்கு கரண்ட் வேணாம். ஒரு வாரத்துக்குள்ள போட்ட முட்டையா, விரிசல் இல்லாததா, அழுக்கு இல்லாததா பாத்து எடுத்து வச்சுப்பேன், கழுவமாட்டேன். எங்க கோழி சின்னது, 11தான் அணைக்க முடியும், ஒண்ணு கூட வச்சா ஓரத்துல இருக்கிறது குளுந்து போயி மாத்தி மாத்தி எல்லாமே கெடும். ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல கோடு போட்ருவேன், ஏன்னா மத்த கோழிங்களுக்கு அடைக்கோழி உக்காந்திருக்கிற கூடைதான் வேணும், அது மேலயே ஏறி முட்டை போட்டுட்டு போகும், கோடு இல்லாததை தினமும் எடுத்துடலாம். இல்லன்னா ஒண்ணு இன்னைக்கு பொரிக்கும் ஒண்ணு பத்து நாள் கழிச்சு, தாய்க்கோழி முதல் குஞ்சுங்க எந்திரிச்சதும் கெளம்பிரும், மிச்சம் எல்லாம் வீண்.

தனி எடத்துக்கு மாத்தறதுன்னா ராத்திரி மாத்தணும், முதல்ல உருண்டையா ஏதாவது போட்டு உக்காருதான்னு பாத்துட்டு அப்புறம் நெசமான முட்டை. ஏழாம் நாள் ராத்திரி போன் டார்ச்சுல வச்சு பாத்தா உள்ள செலந்தி மாதிரி ரத்த நரம்பு ஓடும், ஒண்ணுமே இல்லாம வெளிச்சமா இருந்தா கூமுட்டை. எங்க அப்பத்தா என்னை திட்டற வார்த்தையும் அதான், அதனால கூமுட்டைய தூக்கி எறியும்போது எனக்கு கொஞ்சம் சொந்த பந்தம் மாதிரி இருக்கும்.

நாளைக்கு ஒரு தடவை கால்மணி நேரம் இருவது நிமிஷம் எறங்கி தின்னுட்டு எச்சம் போட்டுட்டு போகும், அந்த நேரத்துல முட்டை குளுந்துருமேன்னு பயப்பட வேணாம். எறங்காத கோழியும் இருக்கு, செவலை மாதிரி. அதுங்கள நான் தூக்கி எறக்கி விடுவேன், தூக்கறப்ப இறக்கைக்குள்ள முட்டை மாட்டியிருக்கான்னு தடவிப் பாத்துட்டு. நெல்லு, ஒடைச்ச சோளம் மாதிரி கெட்டியான தீனி நல்லது.

இடி விஷயம் சொல்லணும். மழை தொடங்கறப்ப இங்க இடி வீட்டையே ஆட்டும். அடைக் கூடைக்குள்ள ஒரு இரும்புத் துண்டு, ஒரு கரித்துண்டு, ரெண்டு மிளகாய் வத்தல் போடணும், இல்லன்னா முட்டை கலங்கிரும்னு அப்பத்தா சொல்லுவாங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா ஆணி போடாம வச்சதும் இல்ல. முட்டைய நெசமா கெடுக்கிறது சாரல்தான், கூடை நனைஞ்சா, கோழி பயந்து எந்திரிச்சு போயிட்டா, முட்டை குளுந்து போயிட்டா கெட்டது. அப்புறம் எறும்பு. ஓடு விரியற நேரத்துல வாசனைக்கு வந்து குஞ்சை உயிரோட தின்னுரும், ஒரு தடவை அனுபவிச்சுட்டேன், அதுல இருந்து கூடைய ஒரு சின்ன ஸ்டூல் மேல வச்சு நாலு காலுக்கும் தண்ணிக் கிண்ணம். குஞ்சு எறங்கற அன்னைக்கு அதை எடுத்துரணும், கீழ விழுந்து முங்கிரும்.

18ஆம் நாளுக்கு மேல நான் கைய வைக்கிறதில்ல. ஓட்டுக்குள்ள இருந்து குஞ்சு கத்தும், தாய் மெதுவா பதில் சொல்லும், பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கலாம். ஓட்டை உரிச்சு விடலாம்னு தோணும், உரிக்காதீங்க. பொரிச்ச குஞ்சுக்கு வயித்துக்குள்ள மஞ்சக்கரு இருக்கும், ரெண்டு நாள் தீனி இல்லாம தாங்கும், அவசரமே இல்ல.

போன வருஷம் பக்கத்து வீட்டு அக்கா ஆறு வாத்து முட்டை கொண்டு வந்து, உன் கறுப்பி உக்காந்திருக்குல்ல இதையும் வைன்னு குடுத்தாங்க. வாத்துக்கு 28 நாள், அதனால தனியா அதை மட்டும்தான் வச்சேன். கறுப்பி கணக்கு பாக்காம 28 நாளும் உக்காந்துச்சு, நாலு பொரிச்சது. மூணாவது நாள் பெரிய மழை விட்டு முத்தத்துல தண்ணி தேங்கி நின்னுச்சு, நாலும் வரிசையா அதுல எறங்கி நீந்துது. கறுப்பி கரையில அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டு கத்தின கத்து இருக்கே, தெருவுல போனவங்க எல்லாம் நின்னு பாத்தாங்க, எம்பொண்ணு சிரிச்சு சிரிச்சு அழுதே போயிட்டா. அப்புறம் பழகிருச்சு. குஞ்சுங்க தண்ணியில இருக்கிற நேரம் கரையில நின்னு புழு பொறுக்கிக்கிட்டு இருக்கும்.

இப்ப மணி ஒம்பது, கரண்ட் போயி ரெண்டு மணி நேரம் ஆகுது, போன்ல சார்ஜ் 14. சேவல் இருக்கு, இந்த வார முட்டை எட்டு தனியா எடுத்து வச்சுருக்கேன், ஆனா டீக்கடைக்காரரும் முட்டை முட்டைன்னு நச்சரிக்கிறார். புள்ளி கம்புல ஏறியிருக்கா இல்ல கூடையிலயே இருக்கான்னு டார்ச் அடிச்சு பாத்துட்டு வரேன்.